பரிசு பெற்ற ஆய்வேடு எதற்காகப் பரிசு பெற்றது? – ரால்ஃப் பன்ச், 1934, டோகோவும் டஹோமியும்

தென்பெண்ணை:

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்து ஓராண்டு ஆகிறது. ஆய்வுச் சுருக்கத்தைக் குழுவின் முன் வைக்க இன்னும் இரண்டு மாதங்களே இருக்கின்றன. சென்ற மாதம் நடந்த ஒரு கருத்தரங்கில், பரிசு வாங்கும் ஆய்வேடு என்றால் அதில் புதிய தரவு மலைபோல் குவிந்திருக்க வேண்டும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். அது உறுத்திக்கொண்டே இருந்ததால், பரிசு பெற்ற பழைய ஆய்வேடுகள் எப்படி இருந்தன என்று தேடத் தொடங்கினேன். 1934-இல் ரால்ஃப் பன்ச் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேட்டைத் தாண்டி அந்தத் தேடல் நகரவில்லை.

டோகோலாந்திலும் டஹோமியிலும் நடந்த பிரெஞ்சு நிர்வாகம் என்பதே அதன் தலைப்பு. அரசியல் அறிவியலில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்தான். அந்த ஆய்வேட்டிற்கு ஹார்வர்டின் டாப்பன் பரிசும் கிடைத்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஒட்டிக் கிடக்கும் இரண்டு நிலப்பகுதிகள், இரண்டையும் ஆள்வது பிரான்ஸ். டஹோமி நேரடிக் குடியேற்ற நாடு. டோகோவோ, ஐ.நா.வுக்கு முந்தைய உலக அமைப்பான லீக் ஆஃப் நேஷன்ஸ் பிரான்சின் பொறுப்பில் ஒப்படைத்த நாடு. இந்தச் சட்ட வேறுபாடு அங்கே வாழும் மக்களின் அன்றாடத்தில் ஏதேனும் வேறுபாட்டை உண்டாக்குகிறதா என்பதே கேள்வி. நடைமுறையில் பெரிய வேறுபாடு ஒன்றுமில்லை என்ற முடிவுக்கே அவர் வந்தார்.

என் ஐயம் இதுதான். "வேறுபாடு இல்லை" என்று முடியும் ஆய்வுக்கு எப்படிப் பரிசு கொடுத்தார்கள்? என் ஆய்வு அப்படி முடிந்தால் என் குழுவினர் "அப்படியென்றால் எதற்கம்மா இத்தனை ஆண்டு?" என்றுதான் கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

நல்ல கேள்வி, மகளே. விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த வேறுபாடு காகிதத்தில் எவ்வளவு பெரியதாக இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும் அதன் குடியேற்ற நாடுகளை வென்றவர்கள் தமக்குள் அப்படியே பங்கு போட்டுக்கொள்ளவில்லை. பங்கு போட்டுக்கொண்டதை மேண்டேட், அதாவது லீக் ஒப்படைத்த பொறுப்பு, என்ற புதிய பெயரால் அழைத்தார்கள். லீக் உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவு, இந்த மக்களின் நலமும் வளர்ச்சியும் நாகரிகத்தின் புனிதப் பொறுப்பு என்று கூறியது. ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாக அவற்றைப் பிரித்தார்கள். டோகோவின் கிழக்குப் பெரும்பகுதி பி வகுப்பு மேண்டேட்டாகப் பிரான்சிடம் வந்தது, மேற்குப் பகுதி பிரிட்டனிடம் போனது. அடிமை வணிகமும் கட்டுப்பாடற்ற மது, ஆயுத வணிகமும் கூடாது, கோட்டையோ படைத்தளமோ கட்டக்கூடாது, பிற உறுப்பு நாடுகளின் வணிகர்களுக்குச் சம வாய்ப்புத் தர வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தன. ஆளும் நாடு ஒவ்வோர் ஆண்டும் ஜெனீவாவிலிருந்த லீக் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், நிரந்தர மேண்டேட் குழு அதைப் படித்துக் கேள்வி கேட்கும்.

பக்கத்திலிருந்த டஹோமிக்கு, அதாவது இன்றைய பெனினுக்கு, இந்தக் காவல் எதுவுமில்லை. அபோமே அரசை 1892 முதல் 1894 வரை நடந்த போரில் முறியடித்து, மன்னர் பெஹான்சினைச் சரணடையச் செய்து பிரான்ஸ் எடுத்துக்கொண்ட நாடு அது. அதன் நிர்வாகம் பாரிசுக்கு மட்டுமே கணக்குச் சொன்னது.

அந்தக் காலத்துச் சர்வதேசச் சட்ட நூல்களைப் புரட்டினால் இந்த வேறுபாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். உலகமே ஒரு புதிய ஏற்பாட்டைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பெருமை பேசிய நேரம் அது. அப்போது ஒருவர் பாரிசிலும் ஜெனீவாவிலும் ஆவணங்களைப் படித்துவிட்டு, கப்பலேறி அந்த இரண்டு நாடுகளுக்கும் போய், எல்லையின் இரு பக்கமும் நடந்து பார்த்து, "வரி வசூலிப்பவரும் அதே ஆள்தான், வரி கட்டுபவரின் நிலையும் ஏறத்தாழ அதேதான்" என்று சொன்னால் அதை வெறுங்கை என்று எப்படிச் சொல்ல முடியும்? எல்லோரும் இருக்கிறது என்று நம்பிய ஒன்று இல்லை என்று காட்டுவது கண்டுபிடிப்புத்தான். யாருமே எதிர்பார்க்காத இடத்தில் போய்த் தேடிவிட்டு இல்லை என்று சொன்னால்தான் உங்கள் குழுவின் கேள்வி நியாயமாகும்.

எண்கணக்கன்:

ஆசிரியர் ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் அந்த ஆய்வின் அடித்தளத்தைப் பற்றி எனக்கு ஒரு தடை உண்டு. ஆள்பவர் ஒருவரே, சட்ட நிலை மட்டுமே வேறு என்பது கேட்க அழகாக இருக்கிறது. உண்மையில் அந்த இரண்டு நாடுகளும் அவ்வளவு ஒத்தவை அல்ல. டோகோ 1914 வரை ஜெர்மனியின் கையில் இருந்தது. இருப்புப் பாதைகள் ஜெர்மானியர் போட்டவை. ஜெர்மன் கிறித்தவச் சமய அமைப்பான பிரேமன் மிஷனின் பள்ளிகளில் அந்த மண்ணின் எவே மொழியிலேயே பாடம் நடந்திருக்கிறது. டஹோமிக்கோ வலிமையான அரச மரபு இருந்தது. பிரேசிலிலிருந்து திரும்பி வந்து உய்டா, போர்ட்டோ நோவோ போன்ற ஊர்களில் குடியேறிய குடும்பங்களிலிருந்து படித்த ஒரு வகுப்பும் உருவாகியிருந்தது. டஹோமிக்காரர்கள் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் போனார்கள்.

ஆக, பன்ச் அங்கே போன 1932-இல் இரு நாடுகளும் ஒன்றுபோல் தெரிந்தன என்றால் அதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. மேண்டேட் உண்மையிலேயே எதையும் மாற்றவில்லை என்பது ஒன்று. மேண்டேட் டோகோவைச் சற்றே உயர்த்தியது, டஹோமியோ தன் பழைய வலிமையால் முன்பே அந்த உயரத்தில் இருந்தது, அதனால் இரண்டும் சமமாகத் தெரிந்தன என்பது மற்றொன்று. இரண்டு இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றில் எது சரி என்று தீர்த்துச் சொல்ல முடியாது. இன்றைய தேர்வுக் குழுவின் முன் இந்த ஆய்வுச் சுருக்கம் வந்திருந்தால் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

காரைக்கால் மடல்:

எண்கணக்கன் சொன்ன பள்ளிக்கூடச் செய்தியிலிருந்து தொடர்கிறேன். பன்ச் 1934 தொடக்கத்தில் ஓர் ஆய்விதழில் டோகோ, டஹோமி இரண்டிலும் இருந்த பிரெஞ்சுக் கல்விக் கொள்கையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். இரண்டு இடங்களின் உண்மையான ஒற்றுமை கல்வியில்தான் பளிச்சென்று தெரிகிறது என்பது என் எண்ணம். எவே மொழியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆட்சி மாறியதும் பிரெஞ்சு மொழிக்கு மாற வேண்டியிருந்தது. டோகோ மேண்டேட் என்பதால் அதன் மொழிக்குத் தனி மரியாதை எதுவும் கிடைக்கவில்லை. கொஞ்சம் பேரைப் பிரெஞ்சுக்காரர்போல் ஆக்கி அலுவலகத்தில் அமர்த்துவது, மீதிப் பேரை வரி கட்டவும் சாலை போடவும் விடுவது என்ற அதே அச்சுத்தான் இரு பக்கமும்.

நீதிமன்றமே இல்லாமல் அபராதமும் சிறையும் விதிக்க நிர்வாக அதிகாரிக்கு உரிமை தந்த ஆந்தீஷெனா என்ற விதித்தொகுப்பும் இரண்டு இடங்களிலும் இருந்தது. மேண்டேட் எல்லைக்குள்ளேயே, லோமே நகரில், 1933 ஜனவரியில் புதிய வரிகளை எதிர்த்த தலைவர்களைக் கைது செய்தபோது சந்தைப் பெண்கள் வீதிக்கு வந்துவிட்டார்கள். ஜெனீவாவின் புனிதப் பொறுப்பு அந்தச் சந்தை வரை வந்து சேரவில்லை என்றுதானே இதைப் படிக்க வேண்டும்?

எங்கள் பக்கத்தாருக்கு இதில் ஒரு தனி ஆர்வம் உண்டு. இதே பிரான்ஸ்தான் இதே ஆண்டுகளில் புதுச்சேரியையும் காரைக்காலையும் ஆண்டது. ஆனால் இங்கே மூன்றாம் குடியரசின் காலத்திலேயே பாரிஸ் நாடாளுமன்றத்திற்கு உறுப்பினரை அனுப்பும் உரிமை இருந்தது. 1881 ஆணைப்படித் தம் சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத்திற்குள் போகவும் வழி இருந்தது. டோகோவுக்கும் டஹோமிக்கும் அத்தகைய நாடாளுமன்ற இடம் இரண்டாம் உலகப் போர் முடியும் வரை இல்லை. ஆகவே பிரெஞ்சு நிர்வாகம் என்பது எங்கும் ஒரே வார்ப்பு அல்ல. ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டை எடுத்துக்கொண்டதால்தான் பன்ச்சின் ஒப்பீடு நின்றது என்று சொல்லலாம். டோகோவையும் புதுச்சேரியையும் ஒப்பிட்டிருந்தால் வேறுபாட்டுக்குப் பஞ்சமே இருந்திருக்காது, அதிலிருந்து கற்றுக்கொள்ளவும் எதுவும் இருந்திருக்காது.

ஒரு சிறு செய்தி. டஹோமியின் தலைநகர் போர்ட்டோ நோவோ. நம் பரங்கிப்பேட்டைக்கும் ஐரோப்பியர் வைத்த பெயர் அதுவேதான். பழைய பிரெஞ்சு ஆவணங்களைத் தேடுபவர்கள் எந்தப் போர்ட்டோ நோவோ என்று பார்த்து எடுக்கவும். நான் ஒரு முற்பகலை அதில் தொலைத்திருக்கிறேன்.

நடுநிசி வாசகர்:

எல்லோரும் இந்த ஆய்வேட்டைத் தூக்கிப் பிடிப்பதால் எதிர்த் தரப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். பன்ச் 1950-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அதனால்தான் அவருடைய ஆய்வேட்டை இன்று தேடிப் படிக்கிறோம். அவருடைய வாழ்நாளில் அது நூலாகக்கூட வரவில்லை. 1934-இல் டாப்பன் பரிசோடு அவர் ஓய்ந்திருந்தால் அந்தத் தட்டச்சுப் பிரதி ஹார்வர்டின் ஏதோ ஓர் அலமாரியில் தூசி படிந்து கிடந்திருக்கும். பரிசு ஆய்வேட்டை உயர்த்தியதா, பின்னாளைய புகழ் பரிசை உயர்த்தியதா?

இன்னொன்று. அந்த ஆய்வேட்டின் குரல் மிகவும் மென்மையானது. குடியேற்ற ஆட்சியே கூடாது என்று அது சொல்லவில்லை. ஆட்சி எப்படி நடக்க வேண்டும், கண்காணிப்பு எப்படி மேம்பட வேண்டும் என்பதற்குள்ளேயே நிற்கிறது. ஆனால் 1936-இல் அவர் எழுதிய சிறு நூலில் இனம் என்பதே ஆதிக்கத்திற்கான சாக்கு என்று வெளிப்படையாகப் பேசுகிறார். இரண்டே ஆண்டுகளில் ஒரு மனிதர் இவ்வளவு மாறிவிடுவாரா? மாறவில்லை என்பதே என் ஊகம். ஆய்வேட்டை எழுதும்போது தேர்வாளர்களை மனத்தில் வைத்து எழுதினார். அப்படியானால் பரிசு அந்த அடக்கத்திற்குக் கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம் அல்லவா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

நடுநிசி வாசகரின் கடைசிக் கேள்வியில் உண்மை உண்டு, மறுக்க மாட்டேன். எந்த ஆய்வேடும் தேர்வாளரை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. முப்பது ஆண்டுகள் வைவா மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தவன் சொல்கிறேன். ஒரு மாணவரின் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முக்கால் மணி நேரம் அட்டவணை எண்களின் வரிசையைப் பற்றி மட்டுமே கேட்டார். அந்த மாணவர் களத்தில் கண்டுபிடித்து வந்ததைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம், அது எங்கும் நடப்பதுதான்.

ஆனால் பன்ச்சின் மென்மையைக் கோழைத்தனமாகப் படிக்க வேண்டியதில்லை. அவருடைய நிலையைப் பாருங்கள். சிறு வயதிலேயே தாயை இழந்து, லாஸ் ஏஞ்சலசில் பாட்டியின் வளர்ப்பில் படித்தவர். கல்லூரியில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டே 1927-இல் தம் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். ஹார்வர்டில் இடம் கிடைத்தும் போய்ச் சேரப் பணமில்லாதபோது, அந்த ஊர்க் கறுப்பினச் சமூகத்தார் ஆயிரம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். 1928-இல் முதுகலைப் பட்டம் முடித்த உடனேயே வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, அங்கே அரசியல் அறிவியல் துறையையே தொடங்கி, வகுப்பும் எடுத்துக்கொண்டு, ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் முனைவர் பட்டத்தை முடிக்கிறார். கறுப்பினத்தவர் ஒருவர் குடியேற்ற நிர்வாகத்தைப் பற்றி எழுதினால் அதை ஆத்திரம் என்று ஒதுக்கிவிட ஆயத்தமாக இருந்த காலம். ஒவ்வொரு வாக்கியத்தையும் சான்றோடு கட்டி வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி ஏது?

அவர் முதலில் எடுத்த தலைப்பே இதுவல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரேசிலில் இன உறவுகள் எப்படி இருக்கின்றன என்பதை அமெரிக்காவோடு ஒப்பிட எண்ணியிருந்தார், பிறகு ரோசன்வால்டு நிதியின் உதவித்தொகையோடு ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினார். தலைப்பு கைமாறியதே என்று வருந்தும் ஆய்வு மாணவர்கள் இதைக் கவனிக்கலாம்.

"பின்னாளைய புகழால்தான் படிக்கிறோம்" என்பதற்கு என் பதில் வேறு. அந்தப் பின்னாளைய வேலைக்குள் இந்த ஆய்வேடு இருக்கிறது. மேண்டேட் முறையில் பலவீனமான இடங்கள் இரண்டு. டோகோவில் ஒருவர் ஆட்சியின் மேல் குறை சொல்லி ஜெனீவாவுக்கு மனு எழுதினால், அந்த மனு நேராகப் போக முடியாது, யார்மேல் குறையோ அந்த அரசின் கை வழியாக, அதன் கருத்துரையையும் சேர்த்துக்கொண்டுதான் போக வேண்டும். அடுத்து, மேண்டேட் குழு ஜெனீவாவிலேயே உட்கார்ந்து ஆண்டறிக்கைகளைப் படிக்குமே தவிர, அந்த நாட்டு மண்ணில் கால் வைக்காது. தாளில் இருந்த காவல் தரையில் இல்லாமல் போனதற்கு இவை இரண்டும் பெரிய காரணம்.

1945-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் எழுதப்பட்டபோது அமெரிக்கக் குழுவின் குடியேற்ற நாட்டு விவகார வல்லுநராக அங்கே இருந்தவர் பன்ச். குடியேற்ற நாடுகளைப் பற்றிய 11-ஆம் அத்தியாயம், மேண்டேட்டுக்குப் பதிலாக வந்த தர்மகர்த்தா முறையைப் பற்றிய 12-ஆம் அத்தியாயம் ஆகியவற்றின் வரைவில் அவருக்குப் பங்கு உண்டு. சாசனத்தின் 87-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மனுக்களை ஏற்று ஆராயலாம் என்கிறது ஓர் உட்பிரிவு. குறிப்பிட்ட கால இடைவெளியில் அந்த நாடுகளுக்கு நேரில் செல்ல ஏற்பாடு செய்யலாம் என்கிறது அடுத்தது. லோமே தெருவில் நடந்தவர் ஒருவர் அந்த அறையில் இருந்தார் என்பதை நான் தற்செயல் என்று ஒதுக்க மாட்டேன். அடுத்த ஆண்டே ஐ.நா. செயலகத்தில் தர்மகர்த்தா முறைக்கான துறையின் பொறுப்பும் அவரிடம் வந்தது.

காரைக்கால் மடல்:

மேண்டேட் குழுவின் இடத்தில் வந்த ஐ.நா. அமைப்புக்குத் தமிழில் தர்மகர்த்தா சபை என்று யார் பெயர் வைத்தார்களோ, அவர் கோயில் நிர்வாகத்தை நன்கு அறிந்தவராக இருக்க வேண்டும். சொத்து சாமியுடையது, சாவி தர்மகர்த்தாவிடம், கணக்குக் கேட்க ஊரார் கூடினால்தான் உண்டு. லீக் காலத்தில் கணக்குப் புத்தகத்தைத் தர்மகர்த்தாவே எழுதி அவரே படித்துக் காட்டினார் என்று சொல்லலாம். 1945-க்குப் பிறகு ஊரார் நேரில் வந்து நின்று கேட்கும் வழி திறந்தது.

அந்த வழியில் முதலில் நுழைந்தவர்களில் டோகோ மக்களே இருந்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். பிரெஞ்சு டோகோ, பிரிட்டிஷ் டோகோ, கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா) என்று மூன்று ஆட்சிப் பகுதிகளுக்குள் துண்டாகக் கிடந்த எவே மக்கள் தம்மை ஒன்று சேர்க்க வேண்டும் என்று மனுப் போட்டார்கள். அவர்களின் தலைவர் சில்வானஸ் ஒலிம்பியோ 1947-ஆம் ஆண்டின் இறுதியில் தர்மகர்த்தா சபையின் முன் நேரில் தோன்றி வாதாடினார். 1949-இல் ஐ.நா. பார்வைக் குழு மேற்கு ஆப்பிரிக்காவுக்கே போனது. ஜெனீவாக் குழு அதுவரை ஒருமுறைகூடச் செய்யாத வேலை அது.

எண்கணக்கன்:

இந்த இடத்தில் என் முந்தைய தடையை நானே கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். இரண்டே இடங்கள் என்று குறை சொன்னேன், ஆனால் அதே இரண்டு இடங்களுக்கு இப்போது இரண்டு காலங்கள் கிடைத்துவிட்டன. முதல் காலத்தில் டோகோ மேண்டேட், கண்காணிப்பு பலவீனம், பன்ச் பார்த்தது இதைத்தான். இரண்டாம் காலத்தில் டோகோ தர்மகர்த்தா நாடு, மனுவும் நேர்ப்பார்வையும் உண்டு. டஹோமி இரண்டு காலங்களிலும் பிரெஞ்சு ஆட்சிக்குள் எந்த வெளிக்கண்ணும் இல்லாமல் இருந்தது. ஆக, ஜெர்மானிய இருப்புப் பாதை, அபோமே அரச மரபு என்ற பழைய வேறுபாடுகள் இரு காலத்திலும் அப்படியேதான் இருக்கின்றன, கண்காணிப்பு மட்டும் மாறியிருக்கிறது.

விளைவைப் பார்ப்போம். 1956-இல் பிரான்ஸ் தானே ஒரு வாக்கெடுப்பு நடத்தி, டோகோவைத் தன்னாட்சிக் குடியரசு என்று அறிவித்துப் பொறுப்பை முடித்துக்கொள்ளப் பார்த்தது. ஐ.நா. அதை ஏற்கவில்லை. 1958 ஏப்ரல் 27-இல் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடந்து, பிரெஞ்சு நிர்வாகத்தின் ஆதரவு பெற்றவர்கள் தோற்று, ஒலிம்பியோவின் கட்சி வென்றது. டஹோமியில் அப்படி வெளியார் மேற்பார்வையில் ஒரு தேர்தல் நடக்கவே இல்லை. 1934-இல் இல்லை என்று எழுதப்பட்ட வேறுபாடு 1958-இல் கண்ணுக்குத் தெரிகிறது.

நடுநிசி வாசகர்:

கொஞ்சம் பொறுங்கள். டோகோ விடுதலை பெற்றது 1960 ஏப்ரல் 27, டஹோமி விடுதலை பெற்றது அதே ஆண்டு ஆகஸ்ட் 1. இடைவெளி மூன்று மாதம்கூட முழுதாக இல்லை, அல்லது மூன்று மாதமும் சில நாளும், அவ்வளவே. எந்தக் கண்காணிப்பும் இல்லாத பிரெஞ்சுக் குடியேற்ற நாடான கினி, பிரெஞ்சுத் தலைவர் டி கோலின் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று 1958 செப்டம்பரில் வாக்களித்து, அக்டோபரிலேயே வெளியேறிவிட்டது. விடுதலை நாளை வைத்து அளந்தால் தர்மகர்த்தா முறை சாதித்தது மிகச் சிறிதே. யார் ஆட்சிக்கு வந்தார்கள் என்பதை வைத்து அளந்தால் பெரிது. எதை அளக்கிறோம் என்பதை எண்கணக்கன் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

ஆசிரியர் ஐயாவுக்கும் ஒரு சொல். 11-ஆம் அத்தியாயம் அந்த வடிவில் வந்ததற்கு ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் எவாட் போன்றவர்கள் சான் பிரான்சிஸ்கோவில் கொடுத்த அழுத்தமும் காரணம். பெரிய நாடுகள் தம் குடியேற்ற நாடுகளைப் பற்றி யாருக்கும் பதில் சொல்ல விரும்பவில்லை. வல்லுநர் ஒருவரின் கையில் நல்ல வரைவு இருப்பது ஒன்று, அதை மேசைக்குக் கொண்டு வர ஓர் அரசு முன்வருவது வேறொன்று. ஆய்வேட்டிலிருந்து சாசனத்திற்கு நேர்க்கோடு போட்டுவிட வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

விடுதலை நாட்களுக்கு இடையே மூன்று மாதமும் சில நாட்களும் என்பதே சரி. மற்றபடி உங்கள் திருத்தத்தை ஏற்கிறேன். நேர்க்கோடு என்று நான் சொல்லியிருந்தால் அது மிகை. அறைக்குள் வரைவு எழுத வேண்டிய நேரத்தில், எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்று களத்தில் பார்த்து எழுதிய ஒருவர் அங்கே இருந்தார் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தென்பெண்ணை:

எல்லோருக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட இந்த இழை எங்கேயோ போய்விட்டது. இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும்.

முதலாவது, இன்றைய பரிசுகளும் இப்படித்தான் இயங்குகின்றனவா? அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் ஒப்பீட்டு அரசியலுக்குக் கேப்ரியல் ஆல்மண்ட் பெயரிலும், அரசியல் தத்துவத்திற்கு லியோ ஸ்ட்ராஸ் பெயரிலும், பொதுச் சட்டத்திற்கு எட்வர்டு கார்வின் பெயரிலும் ஆய்வேட்டுப் பரிசுகள் தருகிறது. பிரிட்டனில் லார்டு பிரைஸ், எர்னஸ்ட் பார்க்கர் பெயர்களிலும், ஐரோப்பிய அளவில் ஜான் பிளாண்டல் பெயரிலும் இருக்கின்றன.

இரண்டாவது, இதைப் படித்த பிறகு என் தலைப்பையே மாற்றலாமா என்று தோன்றுகிறது. பாகூரைச் சுற்றிய ஊர்கள் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். புதுச்சேரி ஊர் ஒன்று முடிந்து கடலூர் மாவட்ட ஊர் ஒன்று தொடங்கும், மறுபடி புதுச்சேரி வரும். வயல் வரப்புத்தான் எல்லை. 1954 நவம்பர் 1 வரை ஒரு பக்கம் பிரெஞ்சு ஆட்சி. மறு பக்கம் 1947 வரை பிரிட்டிஷ் ஆட்சி. மொழி, சாதி அமைப்பு, பயிர் எல்லாம் ஒன்றே. இரண்டு நிர்வாகங்கள் இந்த ஊர்களில் எதை மாற்றின, எதை மாற்றவில்லை என்று பார்க்கலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். இத்தகைய பரிசுகளில் பலவற்றுக்கு மாணவர் தாமே விண்ணப்பித்தால் போதாது, துறை பரிந்துரைக்க வேண்டும். அதாவது ஆய்வேடு முதலில் உள்வாசலில் வெல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த மிக நல்ல ஆய்வேடு ஒன்று, அலுவலகத்தில் யாரோ கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்து மறந்ததால், கடைசி நாளைத் தாண்டிப் போனது. ஆகவே பரிசு பெறாதவற்றைக் குறைவாக எடைபோட வேண்டாம். பரிசுகளின் பெயர்களும் காலத்தோடு மாறுகின்றன என்பது ஒரு நல்ல அறிகுறி. சர்வதேச உறவுகளுக்கான ஆய்வேட்டுப் பரிசு இன்று மெர்ஸ் டேட் பெயரில் தரப்படுகிறது. பன்ச் கற்பித்த அதே ஹோவர்டில் பிற்பாடு கற்பித்த கறுப்பினப் பெண் அறிஞர் அவர். சாந்திநிகேதனிலும் ஃபுல்பிரைட் அறிஞராக இருந்து சென்றவர்.

பாகூர் எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது இன்னும் கேள்வியாகவில்லை, இடமாகத்தான் இருக்கிறது. பன்ச்சிடம் இரண்டு நாடுகள் இருந்ததால் ஆய்வு நிற்கவில்லை. "மேண்டேட் என்ற ஏற்பாடு மக்களைக் காக்கிறது" என்று எல்லோரும் நம்பிய ஒரு கூற்று அவரிடம் இருந்தது, அதைச் சோதிக்க அந்த இரண்டு நாடுகளைத் தேடிப் பிடித்தார். நீங்கள் சோதிக்கப் போகும் கூற்று எது?

எண்கணக்கன்:

அதோடு, பாகூர் ஏரிக்கு நீர் வரும் வழியைப் பாருங்கள். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. அணைக்கட்டு ஒரு நிர்வாகத்தில், ஏரி மற்றொரு நிர்வாகத்தில். இரு பக்கமும் தனித்தனியாக இருப்பதாக வைத்து நீங்கள் ஒப்பிட முடியாது, ஒரு பக்கம் மதகை மூடினால் மறு பக்கம் காயும். ஒப்பீட்டுக்கு இது குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இதுவே கேள்வியாகத் தெரிகிறது.

காரைக்கால் மடல்:

நீர்ப் பங்கீட்டு ஆவணங்கள் என்றால் பிரெஞ்சு பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கும், தங்கையே. பிரெஞ்சுக் கையெழுத்துப் படிக்கப் பழக ஆறு மாதம் பிடிக்கும். தொடக்கத்தில் நான் உதவுகிறேன். ஊர்ப் பெயர்களைப் பிரெஞ்சுக்காரர் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்து முதல் வாரம் அழுகையே வரும், பிறகு பழகிவிடும்.

தென்பெண்ணை:

மிக்க நன்றி, அக்கா. ஆசிரியர் ஐயாவின் கேள்விக்கு இரண்டு நாட்களாக யோசித்து ஒரு விடை எழுதிப் பார்த்தேன். ஓர் ஆற்று நீரை இரண்டு வல்லரசுகளின் அதிகாரிகள் பகிர்ந்துகொண்டபோது, மேலிடத்து உடன்பாடுகளே வயலுக்கு நீர் கொண்டு வந்தன என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. அந்தக் கூற்றைச் சோதிக்கலாம் என்று நினைக்கிறேன். உடன்பாடு இருந்த ஆண்டுகளிலும் அது முறிந்திருந்த ஆண்டுகளிலும் கடைமடை வரை நீர் வந்ததில் வேறுபாடு உண்டா? வேறுபாடு இல்லை என்றால், மதகடியில் வேறு யாரோ பேசித் தீர்த்திருக்கிறார்கள் என்று பொருள், அது யார் என்று தேட வேண்டும்.

வேறுபாடு இல்லை என்ற முடிவு வந்துவிடுமோ என்ற அச்சம் இப்போது இல்லை. வரும் திங்கட்கிழமை பாகூர் போய் ஏரிக்கரைப் பெரியவர்கள் சிலரைப் பார்க்கிறேன். சுருக்கத்தின் முதல் வரைவை இங்கேயே போடுகிறேன், எண்கணக்கன் அதில் கை வைக்கட்டும்.